ஆள் முந்தியா, நிலைமை முந்தியா? கதை தொடங்குகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் மேசை லாச்சிக்குள் இரண்டு கொப்பிகள் கிடக்கின்றன. இரண்டும் தோற்றுப்போன கொப்பிகள்.

முதலாவதில் ஒரே ஒரு மனிதர் இருக்கிறார். சைக்கிள் திருத்துகிறவர். அவருடைய நடை, வெற்றிலைப் பை, ஒட்டுப்போடும்போது ரியூப்பைத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமுக்கிவிட்டுக் குமிழி வரும்வரை தானும் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும் பழக்கம், சொந்தத் தம்பியோடு பதினைந்து வருடமாகக் கதைக்காதது, எல்லாவற்றையும் நாற்பது பக்கத்துக்கு எழுதியிருக்கிறேன். நாற்பதாம் பக்கத்திலும் அவர் ஒட்டுப்போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

இரண்டாவது கொப்பியில் எல்லாம் நடக்கிறது. பங்கர், ஷெல், பாலம், மழை, சோதனைச் சாவடி. அதற்குள்ளால் ‘அவன்’, ‘அவள்’, ‘கிழவர்’, ‘தாய்’ என்று சிலர் ஓடுகிறார்கள். கிழவரையும் தாயையும் இடம் மாற்றிப் போட்டாலும் ஒரு வரி குறையாது.

சனிக்கிழமைப் பின்னேரங்களில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஏழெட்டுப் பேர் கூடிக் கதை வாசிப்போம். அங்கே கம்பஸில் படிக்கிற தங்கச்சி ஒருத்தி ஒருநாள் கேட்டாள்: “அண்ணை, ஆளை வைச்சுத் தொடங்கிறதோ, இல்லாட்டி நடக்கிறதை வைச்சுத் தொடங்கிறதோ? எது சரி?”

“ரெண்டும் சரி” என்று சொல்லித் தப்பப் பார்த்தேன். அவள் விடுகிற ஆளில்லை. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதுகிறேன். ஒழுங்கு என்றால் பெரிய ஒழுங்கு இல்லை. சில படிகளில் அதிக நேரம் நிற்பேன், சிலதைத் தாண்டிப் போய்விடுவேன்.

பெரிய கைகள் எங்கே தொடங்கின

முதலில் இந்தக் கேள்வியின் வயதைச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் பிறந்த நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் தன் பெயர்பெற்ற நாவல் ஒன்றின் 1908ஆம் ஆண்டுப் பதிப்புக்கு முன்னுரை எழுதியபோது, தன்னிடம் முதலில் கதை என்று ஒன்றும் இருக்கவில்லை, ஓர் இளம் பெண் மட்டுமே இருந்தாள் என்று ஒப்புக்கொள்கிறார். ‘சரி, இவள் என்ன செய்வாள்?’ என்ற கேள்விதான் அவரை நகர்த்தியது. ரஷ்ய எழுத்தாளர் துர்கனேவும் அப்படித்தான் என்று அதே முன்னுரையில் நினைவுகூர்கிறார். துர்கனேவுக்கு முதலில் ஆட்கள் வந்து முன்னால் நிற்பார்களாம். அவர்களை ஒருவரோடு ஒருவர் எப்படி மோதவிடுவது என்று தேடுவதுதான் அவருடைய வேலை.

ஏறக்குறைய நூறு வருடம் தள்ளி, 2000இல், எழுத்துத் தொழில் பற்றிய தன் நூலில் அமெரிக்கத் திகில் கதைக்காரர் ஸ்டீபன் கிங் இதை அப்படியே தலைகீழாகச் சொன்னார். அவருக்கு முதலில் நிலைமை. ஆட்கள் பிறகு, அதுவும் தொடக்கத்தில் முகமே இல்லாத தட்டையான ஆட்கள்.

நமக்கு இது ஒன்றும் புதிதில்லை. சங்க அகப்பாடல்களின் கீழே பின்னால் தொகுத்தவர்கள் ஒரு குறிப்பு வைத்திருப்பார்கள்: யார், யாருக்கு, எந்தச் சந்தர்ப்பத்தில் சொன்னது என்று. அதைத் துறை என்கிறோம். அகத்தில் வருகிறவர்களுக்குப் பெயர் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பியத்தின் விதி. நிலமும் பொழுதும் முதற்பொருள். பெயர் இல்லை, ஊர் இல்லை, முழுக்க நிலைமை. சரி, ஆள் எங்கே? வாயைத் திறக்கும்போது வருகிறாள். கார்காலம் வந்துவிட்டது, திரும்பி வருவேன் என்று சொல்லிப் போனவன் வரவில்லை. எத்தனையோ பாட்டுக்கு இதுதான் துறை. ஆனால் குறுந்தொகையில் ஒருத்தி இருக்கிறாள். கொன்றை பூத்துக் குலுங்குகிறது, அந்தக் கொன்றைக் காடே கார் வந்துவிட்டது என்கிறது, அவள் மட்டும் ‘நான் நம்பமாட்டேன், அவர் பொய் சொல்லமாட்டார்’ என்கிறாள். மரம் பொய் சொன்னாலும் சொல்லும், அவன் சொல்லமாட்டான்! பெயரில்லாத அவளை எனக்கு என் நாற்பது பக்கச் சைக்கிள்காரரை விட நன்றாகத் தெரியும்.

ஆகவே எதில் தொடங்கினாலும் மற்றதிடம் போய்ச் சேர வேண்டும். எப்படிப் போவது என்பதுதான் இனி.

படி 1: கையில் கிடைத்ததை ஒரு வரியில் எழுதுங்கள்

ஒரே ஒரு வரி. இப்படி:

‘எங்கள் ஒழுங்கையில் சீட்டுப் பிடிக்கிற மாமி, எல்லாக் கணக்கும் மண்டைக்குள், கொப்பி கிடையாது.’

‘தொடர்பில்லாமல் போன கணவனின் கையெழுத்து இல்லாததால் ஒரு பெண்ணால் தன் சீதனக் காணியை விற்க முடியவில்லை.’

‘யுத்தத்தால் சிதறிய குடும்பம்.’

முதலாவது ஆள். இரண்டாவது நிலைமை. மூன்றாவது இரண்டுமில்லை, அது தலைப்பு. விறாந்தைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் தலைப்பைக் கொண்டுவந்து கதை என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். கண்டுபிடிக்க ஒரு சுருக்கமான வழி உண்டு: ‘இண்டைக்குப் பின்னேரம் என்ன நடக்கும்?’ என்று அந்த வரியைக் கேளுங்கள். காணி விற்க முடியாத பெண் பின்னேரம் நொத்தாரிசு வீட்டுக்குப் போகலாம். சீட்டு மாமி காசு எண்ணலாம். ‘சிதறிய குடும்பம்’ பின்னேரம் ஒன்றும் செய்யாது. அது பேச்சுப்போட்டிக்குப் போகும்.

சிலருக்கு ஒரு காட்சியோ குரலோதான் முதலில் வரும். பூட்டிய வீட்டு முற்றத்தில் யாரோ கூட்டிய விளக்குமாற்றுத் தடம், அப்படி ஏதாவது. பயப்பட வேண்டாம். கூட்டியது யார் என்று கேட்டால் ஆள், பூட்டிய வீட்டை ஏன் கூட்ட வேண்டும் என்று கேட்டால் நிலைமை.

படி 2: ஆள் கிடைத்திருந்தால், அவர் நம்பி நிற்கும் தூணைத் தேடுங்கள்

உயரம், நிறம், நட்சத்திரம், பிடித்த சாப்பாடு என்று அட்டவணை போடச் சொல்லிப் பல வழிகாட்டிகள் சொல்லும். துர்கனேவ் தன் ஆட்களுக்குப் பொலிஸ்காரர் வைத்திருப்பதுபோலக் கோப்பு வைத்திருந்தவர், அவருக்குச் சரிவந்தது. எனக்கு அது நாற்பது பக்கக் கொப்பியில்தான் கொண்டுபோய் விட்டது. தகவல் கூடக் கூட ஆள் அசையமாட்டேன் என்கிறார்.

அட்டவணைக்குப் பதில் ஒரே கேள்வி: இந்த ஆள் எதை நம்பி நிமிர்ந்து நடக்கிறார்?

சீட்டு மாமியை எடுப்போம். பன்னிரண்டு பேர், மாதம் தலைக்குப் பத்தாயிரம், கழிவுச் சீட்டு. ஒரு லட்சத்து இருபதாயிரம் விழுகிற இடத்தில் அவசரக்காரர் இருபதாயிரத்தைக் கழித்து ஒரு லட்சத்துக்கு எடுத்துக்கொண்டு போவார், கழிந்த காசு மற்றவர்களுக்குப் பிரியும். யார் எந்த மாதம் எவ்வளவு கழிவில் எடுத்தது, யார் இன்னும் எடுக்கவில்லை, யார் பாதிதான் கட்டியது, எல்லாம் மாமியின் தலைக்குள். “என்னட்ட கொப்பி இல்லை, மண்டைதான் கொப்பி” என்று சொல்லும்போது முகத்தில் ஒரு வெளிச்சம். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நிற்பாட்டப்பட்டவர். வங்கியில் வேலை செய்கிற மருமகள்கூடக் கணக்குப் பிழைத்தால் மாமியிடம்தான் வருவாள். தூண் கிடைத்துவிட்டது.

இப்போது நிலைமை தேட வேண்டும். என் முதல் யோசனை: கள்வர் வந்து சீட்டுக்காசைக் கொண்டுபோய்விடுகிறார்கள். பரபரப்பான சங்கதிதான். ஆனால் காசு யாரிடமும் களவு போகலாம், மாமியின் மண்டைக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. இரண்டாவது யோசனை: கனடாவில் இருக்கிற மகள் கூப்பிடுகிறாள். பரவாயில்லை, ஒழுங்கையை விட்டுப் போனால் மாமி யார் என்ற கேள்வி வருகிறது. ஆனால் அது மெல்ல வேகிற அடுப்பு, சிறுகதைக்குக் காணாது.

மூன்றாவது: மாமிக்கு மறதி தொடங்குகிறது.

கொப்பியில் எழுதி வைக்கிற ஒருவருக்கு மறதி வந்தால் அது வருத்தம், டொக்டரிடம் போகலாம். மாமிக்கு வந்தால் பதினோரு குடும்பத்தின் காசு அந்தரத்தில் தொங்கும். அதைவிட, வாழ்நாள் முழுக்க அவர் சொல்லிவந்த ஒரே பெருமை பொய்யாகும். கொப்பி வாங்கலாமே? வாங்கலாம். வாங்கினால் ஒழுங்கைக்குத் தெரிந்துவிடும். இரவில் படுக்கை அறைக்கதவைச் சாத்திவிட்டுப் பேரப்பிள்ளையின் பழைய அப்பியாசக் கொப்பியின் பின்பக்கத்தில் களவாகக் கணக்கு எழுதுகிற மாமி, இதோ, கதைக்குள் வந்துவிட்டார். தூணைக் கண்டுபிடித்தேன், அதில் கை வைத்தேன், அவ்வளவுதான் நான் செய்தது.

படி 3: நிலைமை கிடைத்திருந்தால், மூன்று பேரை அதற்குள் இறக்கிப் பாருங்கள்

சீதனக் காணி வரிக்கு வருவோம். முதலில் நிலைமையின் எலும்பைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். யாழ்ப்பாணத் தமிழருக்குரிய தேசவழமைச் சட்டத்தில் சொத்து மூன்று வகை: பரம்பரையாக வந்த முதுசம், பெண்ணுக்குக் கலியாணத்தில் கொடுத்த சீதனம், கலியாணத்துக்குப் பிறகு தேடிய தேடியதேட்டம். சீதனம் பெண்ணுடையதுதான். ஆனால் 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, திருமணமான பெண் தன் பெயரில் உள்ள காணியையோ வீட்டையோ விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அவன் கைவிட்டுப் போயிருந்தால், இருக்கிற இடம் தெரியாவிட்டால், அல்லது நியாயமில்லாமல் மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் அனுமதி கேட்கலாம்.

இந்தக் கடைசி வசனத்தைக் கவனியுங்கள். கதவு இருக்கிறது. நிலைமையைத் தேடுகிறவர்கள் ‘வழியே இல்லை’ என்கிற இடத்தைத் தேடுவார்கள். வழியே இல்லாவிட்டால் ஆள் உட்கார்ந்து அழுவதைத் தவிர வேறு வேலை இல்லை, அது அரைப்பக்கத்துக்கு மேல் ஓடாது. வழி இருக்க வேண்டும், அந்த வழியால் போவதற்கு அந்த ஆள் எதையோ கொடுக்க வேண்டும்.

இப்போது மூன்று பேர்.

ஒருத்தி ஆசிரியை, முப்பது வயது, தெளிவானவள். சட்டத்தரணியைப் பிடிப்பாள், வழக்குப் போடுவாள், அலைவாள், அனுமதி வாங்குவாள். இது நடந்த கதை, பத்திரிகைக் கட்டுரைக்கு நல்லது.

இன்னொருத்திக்கு உள்ளுக்குள் நிம்மதி. காணியை விற்கச் சொல்லி நெருக்குகிற அண்ணனிடம் “அவற்ற கையெழுத்து இல்லையே, நான் என்ன செய்ய” என்று சொல்ல அவளுக்கு இந்தச் சட்டம் உதவுகிறது. அட! கணவனால் ஒரு பிரயோசனம். இதில் நல்ல நகைச்சுவைக் கதை ஒன்று இருக்கிறது, யாராவது எழுதுங்கள்.

மூன்றாமவளுக்கு ஐம்பது வயது. கணவன் பிரான்சுக்குப் போய்ப் பதினாறு வருடம், கடைசி ஒன்பது வருடமாக ஒரு அழைப்பும் இல்லை. ஆனால் ஊருக்கு அவள் சொல்வது வேறு. ஒவ்வொரு ஞாயிறும் எடுத்துக் கதைக்கிறார், விசா சிக்கல், வருகிற வருடம் வருவார். கோயிலில் அவர் பெயருக்கு அர்ச்சனை. குங்குமப்பொட்டு. மகளுடைய கலியாணப் பேச்சில்கூட “தகப்பன் அங்க இருந்து எல்லாம் செய்வார்” என்றுதான் சொல்லியிருக்கிறாள். இப்போது கலியாணச் செலவுக்குக் காணியை விற்க வேண்டும். நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். அதற்கு அவள் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டியது ஒரே ஒரு வசனம்: என் கணவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

மூன்று பேருக்கும் சட்டம் ஒன்றுதான். மூன்றாமவளுக்குத்தான் அது தொண்டையில் நிற்கிறது.

மூன்று என்பது மந்திர எண் இல்லை. முதலில் வருகிற ஆள் எப்போதும் செய்தித்தாளில் இருந்து வருவார், அதனால் ஒருவரோடு நிற்பாட்டாதீர்கள் என்பதற்குத்தான்.

படி 4: பக்கத்து வீட்டுக்காரரை உள்ளே விடுங்கள்

இது சோதனைப் படி, பத்து நிமிடம் போதும். உங்கள் கதையின் ஆளை எழுப்பிவிட்டு அதே கதிரையில் பக்கத்து வீட்டுக்காரரை இருத்துங்கள். கதை அப்படியே ஓடினால் ஆளுக்கும் நிலைமைக்கும் முடிச்சு விழவில்லை. என் இரண்டாவது கொப்பியில் பக்கத்து வீட்டுக்காரர் மட்டுமல்ல, முழுக் கிராமத்தையும் மாறி மாறி இருத்தலாம்.

படி 5: யுத்தத்தை எழுதுகிறீர்களா? இங்கே கொஞ்சம் நில்லுங்கள்

யாழ்ப்பாணத்தில் எழுதுகிறவருக்கு நிலைமைக்குப் பஞ்சமில்லை. அதுதான் ஆபத்தும். 1990களின் பொருளாதாரத் தடை, 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது, கிளாலிக் கடலில் இரவுப் படகு, 2006இல் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதை மூடப்பட்டது. ஒவ்வொன்றும் நம்மை விடப் பெரிய நிலைமை. தென்மராட்சிக்குப் போகச் சனம் கடந்த ‘நாவற்குழிப் பாலம்’ என்று எழுதின உடனேயே வாசகருக்குக் கண் கலங்கிவிடும். அந்தக் கண்ணீர் நாம் எழுதி வந்தது இல்லை. வாசகர் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. நாம் எழுதுகிறோம் என்று நினைத்துக்கொண்டு அவருடைய நினைவில் சவாரி செய்கிறோம்.

எனக்கு 1995இல் பதினொரு வயது. நானும் நடந்தேன். அதைத்தான் அந்த இரண்டாவது கொப்பியில் எழுதினேன். ஒரு சஞ்சிகைக்கு அனுப்பினேன், திரும்பி வந்தது, காரணம் சொல்லவில்லை. கோபத்தோடு சின்னம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். எங்களோடு அன்று நடந்தவர் அவர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், “எல்லாம் சரிதான் தம்பி. உது ஆற்ற கதை?” என்றார்.

எங்கட கதைதானே சின்னம்மா என்றேன். அவர் அதற்குப் பதில் சொல்லாமல் வேறொன்றைச் சொன்னார். அன்று இரவு சந்தி தாண்டிக் கோயிலடிவரை போனபிறகு தான் திரும்பி வீட்டுக்கு ஓடினாராம். ஏனென்று கேட்டேன். படலை சாத்தவில்லையாம். ஆடு வந்து குரோட்டனைத் தின்றுவிடும்.

ஷெல் விழுகிறது, ஊரே வெளியேறுகிறது, திரும்பி வருவோமா என்று யாருக்கும் தெரியாது. ஒரு மனுசி ஆட்டுக்காகப் படலை சாத்தத் திரும்பிப் போகிறார்.

என் பதினாலு பக்கத்திலும் இல்லாதது அந்தப் படலைக்குள் இருந்தது. இப்போது இடப்பெயர்வை எழுத வருகிறவர்களிடம் நான் ஒன்றுதான் கேட்கிறேன்: எல்லோரும் செய்ததை விடுங்கள், உங்கள் ஆள் மட்டும் செய்த அந்தக் கோணல் காரியம் என்ன? ஒருவர் தையல் மெசினின் தலையை மட்டும் கழற்றிக்கொண்டு போகலாம். ஒருவர் வழியிலே நின்று கடன் தர வேண்டியவனைத் தேடலாம். இப்படி ஒன்று கிடைக்கும்வரை பாலத்தில் கால் வைக்காதீர்கள்.

சின்னம்மாவைப் பற்றி இன்னொன்று. அவர் வீட்டுச் சுவரில் ஆணியடித்து ஒரு பை தொங்கும். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைப் பிரதி, எல்லாம் பொலித்தீனில் சுற்றி அதற்குள். சண்டை முடிந்து இத்தனை வருடத்துக்குப் பிறகும் பை இறங்கவில்லை. சவர்க்காரத்தை இன்றும் நூலால் இரண்டாக வெட்டித்தான் பாவிப்பார், தடைக்காலத்தில் பழகியது. சின்னப்பிள்ளைகள் அதைச் சின்னம்மாவின் குணம் என்பார்கள், கஞ்சத்தனம் என்றும் சொல்வார்கள். எனக்குத் தெரியும், அது 1991. பழைய நிலைமை உறைந்துபோய்க் குணமாகிவிட்டது. இதைக் கண்ட பிறகு ஆளா நிலைமையா என்ற கேள்வியின் சூடே எனக்குக் குறைந்துவிட்டது. ஆளில் தொடங்குகிறவர் அவருடைய ஒரு பழக்கத்தைச் சுரண்டிப் பார்த்தால் அடியில் ஒரு பழைய நிலைமை இருக்கும். புது நிலைமை அந்தப் பழையதோடு மோத வேண்டும், அவ்வளவுதான். உதாரணமாக, நாளைக்கு வெள்ளையடிக்க வந்த பெடியன் அந்தப் பையைக் கழற்றிக் குப்பையோடு போட்டுவிட்டால்?

படி 6: நீ, நீர், நீங்கள்

ஆளையும் நிலைமையையும் ஒரே சொல்லில் காட்ட நம்மிடம் ஒரு வசதி இருக்கிறது, பலர் அதைப் பாவிப்பதில்லை. ‘நீ’க்கும் ‘நீங்கள்’க்கும் நடுவில் யாழ்ப்பாணத்தில் ‘நீர்’ உண்டு. மாணவரிடம் ஆசிரியர், மனைவியிடம் கணவர், அவ்வளவு நெருக்கமில்லாத சமவயதுக்காரரிடம் இன்னொருவர். மரியாதையும் உண்டு, தூரமும் உண்டு, சில வாய்களில் கொஞ்சம் அதிகாரமும் உண்டு.

அந்த மூன்றாமவளை நொத்தாரிசுவிடம் கூட்டிப்போவோம்.

“இருங்கோ அம்மா. அவர் எப்ப வாறார்?”

“வாற வரியம் வருவார்.”

“போன வரியமும் உதைத்தான் சொன்னனீங்கள்.”

அவள் பேசவில்லை. நொத்தாரிசு கண்ணாடியைக் கழற்றுகிறார்.

“இஞ்ச பாரும். என்னட்ட மறைச்சு உமக்கு என்ன வரப்போகுது?”

‘சொன்னனீங்கள்’ என்றவர் ‘பாரும்’ என்று இறங்கிவிட்டார். அன்பா, அதிகாரமா? அவளுக்கே தெரியாது. அவர் குரல் கடுமையாக மாறியது, அவள் அவமானப்பட்டாள் என்றெல்லாம் எழுதத் தேவையில்லை. உங்கள் கதையில் யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்று ஒருமுறை பென்சிலால் கோடிட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் இருந்த விளிப்பு கடைசிவரை ஒரு இடத்திலும் அசையவில்லை என்றால், பெரும்பாலும் கதையிலும் ஒன்றும் அசைந்திருக்காது. கதைசொல்லியின் வசனம் எழுத்துத் தமிழில் இருக்கலாம், பேச்சை மட்டும் பேசுகிற மாதிரியே விடுங்கள். ‘ஓம்’ என்று சொல்கிற ஆளை ‘ஆமாம்’ சொல்ல வைத்தால் அந்த நிமிடமே செத்துப்போவார்.

படி 7: முதல் காட்சி

சேவல் கூவுவது, கோயில் மணி, பனங்கூடலுக்குள்ளால் சூரியன். வேண்டாம். ஆள் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்த ஒன்றை இனித் தள்ளிப்போட முடியாது என்கிற நாளில் தொடங்குங்கள். மாமி மறந்த முதல் நாளைவிட, மறந்தது இரண்டு பேருக்குத் தெரியவந்த நாள் நல்லது. அதற்கு முந்தியதெல்லாம் போகிற போக்கில் சொல்லிக்கொள்ளலாம்.

படி 8: திட்டத்தை மீற விடுங்கள்

ஸ்டீபன் கிங் லண்டனுக்குப் போகும் விமானத்தில் தூங்கும்போது ஒரு நிலைமை கிடைத்தது: கால் முறிந்த எழுத்தாளன், அவனைத் தன் வீட்டில் அடைத்து வைத்திருக்கும் பைத்தியக்கார வாசகி. அவர் முதலில் நினைத்த முடிவில் எழுத்தாளன் தப்பவில்லை. எழுத எழுத, அவர் நினைத்ததைவிட அவன் கெட்டிக்காரனாக இருந்தான், தப்பிவிட்டான். நிலைமையில் தொடங்கியவர்தான், ஆனால் முகமில்லாமல் இருந்த ஆள் முகம் வந்தவுடன் கதையைத் தன் கையில் எடுத்துக்கொண்டான்.

எனக்கும் சின்ன அளவில் அப்படி நடந்தது. மாமி பிடிபட்டு, ஒழுங்கைப் பெண்கள் முன்னால் கூனிக்குறுகி நிற்பதாகத்தான் திட்டம். ஐந்தாம் பக்கத்தில், ஒருத்தி “மாமி, என்ர கழிவு எவ்வளவு?” என்று கேட்க, மாமி ஒரு விநாடி தடுமாறிவிட்டு, வாயில் வந்த ஒரு தொகையைக் கணீரென்று சொன்னார். நான் திட்டமிடாத தொகை. ஒருவரும் மறுக்கவில்லை. ஏனென்றால் இத்தனை வருடமாக மாமியை நம்பி அவர்களும் ஒருவரும் எழுதி வைக்கவில்லை! கேட்டவளுக்கு மட்டும் அது பிழை என்று தெரியும், ஆனால் பிழை அவளுக்கு இலாபம். அந்த இடத்திலிருந்து கதை மாமியை விட்டு, வாயை மூடிக்கொண்டிருக்கிற அந்தப் பெண்ணிடம் போய்விட்டது. நான் பின்னால் ஓடினேன்.

ஆளில் தொடங்குகிறவர்கள் இந்த இடத்தில் பயந்து ஆளைப் பிடித்து இழுப்பார்கள், ‘என் மாமி இப்படிச் செய்யமாட்டா’ என்று. நிலைமையில் தொடங்குகிறவர்கள் முடிவைப் பிடித்து இழுப்பார்கள். இரண்டு பேரும் கையை எடுங்கள். இரண்டு பக்கம் எழுதிப் பார்த்துச் சரிவராவிட்டால் கிழிக்கலாம், தாள்தானே.

படி 9: திருத்தும்போது

ஆளில் தொடங்கிய கதைகள் தொடக்கத்தில் கொழுத்திருக்கும். முதல் மூன்று பக்கத்தை மூடிவிட்டு நாலாம் பக்கத்திலிருந்து இன்னொருவரை வாசிக்கச் சொல்லுங்கள். விளங்கினால் அந்த மூன்றும் உங்களுக்காக எழுதியது. நிலைமையில் தொடங்கியவை முடிவில் இளைத்துப்போகும், சம்பவம் தீர்ந்தவுடன் கதையும் நின்றுவிடும். அங்கே ஆள் தனியாக இருக்கிற ஒரு சின்னக் காட்சி தேவைப்படலாம். எல்லாக் கதைக்கும் இல்லை.

அப்புறம், யாழ்ப்பாணம் சின்ன ஊர். உண்மையான சீட்டு மாமியை அப்படியே வைத்தால் அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் வீதியில் உங்களைப் பிடிப்பார். தொழிலை மாற்றுங்கள், இரண்டு பேரை ஒன்றாகக் குழையுங்கள், வடமராட்சியில் கண்டதைத் தீவுப்பக்கம் கொண்டுபோங்கள். என் மாமியும் உண்மையில் சீட்டுப் பிடித்தவர் இல்லை. என்ன செய்தார் என்று சொல்லமாட்டேன்.

கேள்வி கேட்ட தங்கச்சி இரண்டு சனிக்கிழமை வரவில்லை. மூன்றாவது கிழமை வந்தாள், கையில் ஒரு தாள். முன்பு அவள் கொண்டுவந்த வரி ‘தீவுப்பகுதி ஆசிரியர்களின் கஷ்டங்கள்’. இந்த முறை இப்படி வாசித்தாள்:

திங்கட்கிழமை காலை, குறிகட்டுவான் இறங்குதுறை. நெடுந்தீவுப் படகு போய்விட்டது. இரண்டு வருடமாகப் பிந்திப்போகும் ஒவ்வொரு நாளும் ‘படகு பிந்திப்போச்சு சேர்’ என்று சொல்லிவரும் ரீச்சர் ஒருவர் மூச்சிரைக்க வந்து நிற்கிறார். பக்கத்தில், அதே படகைத் தவறவிட்டுவிட்டு, குடையோடு நிற்கிறார் அதிபர். படகு இன்று சரியான நேரத்துக்குத்தான் புறப்பட்டது. மணிக்கூட்டை இரண்டு பேரும் பார்த்துவிட்டார்கள்.

விறாந்தையில் சிரிப்பு. இது ஆளா நிலைமையா என்று ஒருவரும் கேட்கவில்லை.

“பிறகு அவ என்ன செய்தவ?” என்றேன்.

“தெரியாது அண்ணை. இரவைக்குத்தான் எழுதப்போறன்.”